நீலசந்திராவின் எண்

எங்கள் மேனேஜர் மேல் எனக்கிருந்த கோபம் சாதாரணமானதல்ல. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவர் முகம் தொங்கிப்போவதைக் கற்பனை செய்து சந்தோஷப்படுவேன்.

வீடு வீடாகக் கணக்கெடுக்கும் கம்பெனி எங்களுடையது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் பகுதி எண்ணைப் போடுவது என் வேலை. அந்த எண்ணை வைத்துத்தான் ஒரு பகுதியை இன்னொன்றோடு ஒப்பிடுவார்கள். அந்த முறை குடிநீர்க் கணக்கு. சராசரியில் கடைசியாக வரும் பகுதிக்கு ஓர் அறக்கட்டளை குழாய் போட்டுத் தருவதாக இருந்தது.

நாங்கள் குடியிருக்கும் நீலசந்திராவில், எங்கள் சந்தில் தண்ணீர் வந்தால் உண்டு. தெருமுனையிலிருந்து குடம் தூக்கியே அம்மாவுக்கு இடுப்பு போய்விட்டது. ஆனால் கணக்கெடுக்க வந்தவர்களிடம் அம்மா உட்பட சந்தே, பக்கத்திலிருக்கும் கௌரவமான பகுதியின் பேரை, "ஆஸ்டின் டவுன்" என்று சொல்லியிருந்தது. "நீலசந்திரான்னா உன்னைப் பொண்ணு கேட்டு எவன் வருவான்?" என்பாள். சொன்னபடியே எண் போட்டதில் எங்கள் தவிப்பு ஆஸ்டின் டவுன் சராசரியில் காணாமல் போனது.

வரைபடத்தைப் பார்த்து எண் போடலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"அந்தப் பேரைச் சொல்ல அவங்களுக்கே வெட்கம், உனக்கு என்னம்மா? ஓ, நீயும் அங்கதானா? பார்த்தா தெரியலையே!"

எல்லோரும் சிரித்தார்கள். அன்றே அவர் வீட்டை வரைபடத்தில் தேடினேன். ரிச்மண்ட் டவுன் என்று அவர் பீற்றிக்கொள்ளும் அபார்ட்மெண்டின் வாசல் மட்டும்தான் அங்கே. கட்டடம் எங்கள் பக்கம்.

அறக்கட்டளைக்காரர்களுடன் நடந்த மீட்டிங்கில், சொல்லும் பேரும் வரைபடமும் ஒத்துப்போகாததற்கு உதாரணமாக அதையே திரையில் காட்டினேன்.

"சார், நீங்க நீலசந்திராவா?" என்றார் அறக்கட்டளை அம்மையார்.

"பார்த்தா தெரியலை இல்ல, மேடம்?" என்றேன். மேனேஜர் முகம் செத்துப்போனது. என் வயிறு குளிர்ந்தது. இனி வரைபடப்படியே எண் போடுங்கள் என்று அம்மையார் சொல்லிவிட்டார்.

போட்டுப் பார்த்தால், எங்கள் எண்ணுக்குள் வந்த மேனேஜரின் அபார்ட்மெண்டில் அத்தனை ஃப்ளாட்டிலும் நாள் முழுக்கத் தண்ணீர். நீலசந்திராவின் சராசரி மேலே ஏறிவிட்டது; குழாய் வேறு பகுதிக்குப் போய்விடும். அப்போது பார்த்து மேனேஜரே என் சீட்டுக்கு வந்தார்.

"வாசல் இருக்கிற பக்கத்து எண்தானேம்மா முறை? மாத்திடேன், ப்ளீஸ்."

முறை அதுதான், எனக்கும் தெரியும். ஆனாலும் அவரை எங்கள் எண்ணுக்குள்ளேயே அடைத்துவைக்கக் கை துடித்தது. அம்மாவின் இடுப்பை நினைத்து மாற்றினேன்.

"தேங்க்ஸ்மா. உனக்குப் பெரிய மனசு" என்றார்.

குழாய் வந்துவிட்டது. அம்மா வாசலிலேயே குடம் நிரப்புகிறாள். குழாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தேங்க்ஸ்தான் காதில் விழுகிறது. எனக்குப் பெரிய மனசெல்லாம் கிடையாது. ஒருநாள் அது அவருக்குத் தெரியவரும்.