காது சூடான நேரம்

என் கோபம் காதில்தான் தொடங்கும் என்று கண்டுபிடிக்க எனக்கு நாற்பத்து மூன்று வயதாக வேண்டியிருந்தது. அதில் ஆறு வருஷம் ஜெயிலில் போனது. கோவளம் சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். யார் முதலில் சவாரி ஏற்றுவது என்ற தகராறில் இன்னொரு டிரைவரை ஜாக்கி ராடால் அடித்தேன். அவருக்கு ஒரு கண் போய்விட்டது. எப்படி மாற்றிச் சொன்னாலும் அடித்தது நான்தான்.

வெளியே வந்ததும் சனிக்கிழமைதோறும் செங்கல்பட்டில் ஒரு மாடி அறைக்கு வரச் சொன்னார்கள். என்னைப் போல ஏழெட்டுப் பேர், பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் ஒரு தண்ணீர் கேன். நடத்தியது ஒரு பெண். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். நடத்தைப் பயிற்சி என்றாள். ஆறு வருஷம் நன்னடத்தை காட்டிவிட்டு வந்தவனுக்கு இவள் புதிதாக என்ன காட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கோபம் வரப்போகுதுன்னு உங்க உடம்புல எங்க முதல்ல தெரியும்ணா?" என்று கேட்டாள்.

"வாய்லதாம்மா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் விடவில்லை. மூன்று வாரம் என்னைக் குடைந்தெடுத்தாள். நோட்டில் மூன்று கட்டம்: என்ன நடந்தது, என்ன நினைத்தேன், என்ன செய்தேன். நடுக் கட்டத்தில் எழுத என்னிடம் எதுவுமே இருக்காது. மூன்றாவது வாரம், ஜாக்கி ராடை எடுக்கக் குனிந்த இடத்தைச் சொல்லும்போது, அன்றைக்கு இரண்டு காதும் எரிந்தது ஞாபகத்துக்கு வந்தது.

"அதுதாண்ணா. இனிமே காது சூடானா கைய தொடையில வைங்க. மூச்ச மெதுவா விடுங்க. நடுக் கட்டத்துல என்ன எழுதுவீங்கன்னு யோசிங்க. அப்புறமா பேசுங்க" என்றாள்.

இன்னொன்றையும் ஒத்திகை பார்த்தோம். இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டிய பதில். மூன்றே வரிதான். ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றிக் கேட்போம். எனக்கு வெட்கமாக இருக்கும். வெட்கம் வந்தால் எரிச்சலும் கூடவே வந்துவிடும்.

மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வண்டிப் பாகங்களைப் பெட்டியில் அடுக்க வேண்டும். மேனேஜருக்கு என் கதை தெரியும். ஆறு மாதம் தகராறு இல்லாமல் இருந்தால் நிரந்தரம், கை நீட்டினால் அன்றைக்கே வெளியே என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஜெயிலுக்குப் போனவனை அதற்குப் பிறகு வேறு யார் கூப்பிடுவார்கள்? கூட வேலை செய்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

முதல் நாள் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு வந்தோம். கதவருகே நோட்டோடு நின்ற ஆள், "ரெண்டு ரெண்டா வாங்க, தலை எண்ணணும்" என்று குரல் கொடுத்தார். அடுத்த நொடி நான் தரையில் குந்தியிருந்தேன். கை இரண்டும் முழங்கால் மேல், தலை குனிந்து. ஜெயிலில் எண்ணிக்கை எடுக்கும்போது ரெண்டு ரெண்டு பேராக அப்படித்தான் உட்காருவோம். என்னைக் கேட்காமலே முட்டி மடங்கிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தால் மொத்த வரிசையும் நின்றுகொண்டிருக்கிறது. எனக்கு ஜோடியாக நின்றவர் வேடந்தாங்கல் பக்கத்து ஆள். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா அண்ணாத்த, குந்திகினு கீற? உள்ள இருந்துட்டு வந்தியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் மானம் கப்பலேறியது. இரண்டு காதும் எரிந்தது. அவருடைய சட்டைக் காலர் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

எழுந்தேன். கையைத் தொடையில் அழுத்தி வைத்தேன். மூச்சு விட்டேன். நடுக் கட்டத்தில் என்ன எழுதுவேன்? இவன் என்னை அசிங்கப்படுத்துகிறான் என்று எழுதுவேன். ஆனால் அவர் விளையாட்டாகக் கேட்டது உண்மைதானே?

"ஆமா. ஆறு வருசம் உள்ள இருந்தேன். ஒருத்தர அடிச்சுட்டேன், தப்பு என்னோடதுதான். இப்ப வேல செய்ய வந்துகீறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் செங்கல்பட்டு வரைக்கும் காலியாகவே வந்தது. வலித்தது. ஆனாலும், தற்பெருமை என்று சொன்னாலும் சொல்லுங்கள், ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தைப் பார்க்க எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. மூன்று வரியையும் ஓரிடத்திலும் தடுமாறாமல் சொல்லியிருந்தேன்.

மறுநாள் மாலை அதே ஆள், அதே குரல். "ரெண்டு ரெண்டா வாங்க." முட்டி மறுபடியும் மடங்கப் பார்த்தது. அதற்குள் ஒரு கை என் முழங்கையைப் பிடித்தது. வேடந்தாங்கல்காரர்தான். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"நில்லு அண்ணாத்த. இங்க நின்னுகினு இருந்தாதான் எண்ணுவாங்க."

நின்றேன். அன்றிலிருந்து தினமும் எண்ணிக்கைக்கு அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். ஆறு மாதம் முடிந்து என் வேலை நிரந்தரமான அன்று மாலையும் பிடித்துக்கொண்டார். முட்டி மடங்குவது எப்போதோ நின்றுபோயிருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.