பெரியம்மாவின் ஆறு எண்கள்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஐம்பத்து மூன்று வயதான என் பெரியம்மாவுக்குப் பேங்க் மெஷினில் பணம் எடுக்கக் கற்றுக்கொடுத்தேன்.

பெரியம்மா சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர். அங்கே சம்பளத்தைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி கையில் எண்ணிக் கொடுப்பார். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டிய பிறகு ஈப்போவுக்கு வந்து துப்புரவு வேலையில் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சம்பளம் பேங்குக்குப் போனது. கார்டு மாமாவின் சட்டைப்பைக்குப் போனது. மாமா அவருக்குத் தம்பி. மாதம் ஒருமுறை என்னையும் கூட்டிப்போய்ப் பணம் எடுப்பார். கார்டின் ஆறு ரகசிய எண்களை அழுத்துவது என் வேலை. வீட்டுக்கு வந்து ஒரு பங்கைப் பெரியம்மாவிடம் கொடுத்து, "மிச்சம் பேங்க்லயே பத்திரமா இருக்குக்கா" என்பார்.

பள்ளி விடுமுறையில் ஒரு மத்தியானம், பெரியம்மா கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த மெஷின் என்னென்ன கேக்கும், சொல்லு."

பிஸ்கட் பெட்டியின் அட்டையில் பொத்தான்கள் வரைந்தேன். நானே மெஷினாகி மலாயில் கேட்டேன். காய்த்துப்போன விரலால் அவர் மெதுவாக அழுத்தினார். ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலைகளின்மேல் மேகம் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. இல்லாத பணத்தை எடுத்தோம், இல்லாத பணத்தைப் போட்டோம். ஒரு வாரம் அப்படியே கனவுபோலக் கழிந்தது.

"இது 'பாக்கி', பெரியம்மா."

"பாக்கின்னா நாம கொடுக்க வேண்டியதா?"

"இல்ல, மலாய்ல மிச்சம் இருக்கிறது."

அந்தச் சொல்லை அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சம்பள நாளன்று மாமா காய்ச்சலில் படுத்திருந்தார்.

"கார்டக் கொடு தம்பி, நாங்க போயிட்டு வாரோம்."

"ஒனக்குத் தெரியாதுக்கா. ரெண்டு நாள்ல நான் போறேன்லா."

"புள்ளைக்குத் தெரியும்."

 மாமா தயங்கித் தலையணைக்கு அடியிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தார்.

பேங்கின் கண்ணாடிக் கதவுக்குள் ஏசி மார்கழிக் காலைபோலக் குளிர்ந்தது. பெரியம்மா பணம் எடுக்கவில்லை, பாக்கியைத்தான் அழுத்தினார். அந்த மாதச் சம்பளமும், அதற்குமேல் பதினோரு வெள்ளியும் இருந்தன.

"நாலு வருசத்துக்கும் இவ்ளோதானா?"

"இவ்ளோதான் காட்டுது பெரியம்மா."

அவர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற சீனர் மெல்ல இருமினார்.

"நம்பர மாத்த முடியுமா?"

எந்தப் பொத்தான் என்று காட்டினேன். பெரியம்மா என் தோளைப் பிடித்துக் கதவுப் பக்கம் திருப்பினார். "அங்க போய் நில்லு. இங்க பாக்காதே."

பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். கற்றுக்கொடுத்த என்னிடமே மறைத்துவிட்டாரே. பெரியம்மா என் கையை விடாமல் பிடித்திருந்தார்.

அன்று சாயந்தரம் பெரியம்மா குளிக்கப் போயிருந்தபோது, மாமா என்னைக் கட்டிலருகே கூப்பிட்டுத் தலையைத் தடவினார். "கார்டக் கேட்டா அக்கா தரமாட்டேங்குது. நம்பர மாத்திட்டீங்களா? புது நம்பர் என்னம்மா?"

"எனக்குத் தெரியாது மாமா. என்னைப் பாக்கவே விடல."

சொல்லும்போதே மறுபடி அழுகை வந்துவிட்டது. மாமா என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்குப் பொய் சொல்ல வராது என்பது பெரியம்மாவுக்குத் தெரியும். அதற்காகத்தான் என்னைத் திருப்பி நிறுத்தினார் என்பது, அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.