பதினெட்டுக்குப் பிறகு

என் மகள் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானத்தில் மாணவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அந்தப் பள்ளி வேறு ஊரில் இருக்கிறது. பூந்தமல்லியில் மாலை பஸ் ஏறினால் விடிவதற்குள் போய்ச் சேரலாம். சென்ற வருடம் அவளோடு வேலை பார்ப்பவர் ஒருவர், ஓடுபாதைக்கு முன்னாலேயே சோளக்காட்டில் விமானத்தை இறக்கிவிட்டார். சக்கரம் முறிந்தது, அவர் காலும் முறிந்தது. நல்லவேளை, மாணவனுக்குக் காயமில்லை. அன்று காலையில் அவர் ஓய்வே இல்லாமல் ஐந்தாவது முறையாக மேலே போயிருந்தார்.

இதைக் கேட்டதிலிருந்து, மகள் வீட்டுக்கு வந்தால் அவள் விடும் கொட்டாவிகளை எண்ண ஆரம்பித்தேன். தொழிற்சாலை ஸ்டோரில் காலமெல்லாம் போல்ட்டும் நட்டும் எண்ணியவனுக்கு வேறு எப்படிக் கவலைப்படத் தெரியும்?

அந்த விபத்துக்கு அடுத்த மாதம் மாங்காட்டில் என் தங்கை வீட்டுக் கல்யாணம். இரண்டு இரவாக மகள் தூங்கவில்லை, நானும்தான். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மட்டும் அவளுக்குப் பதினோரு கொட்டாவி. அன்று மாலையே பஸ். மறுநாள் விடிந்ததும் பறக்க வேண்டும்.

“ஒரு நாள் லீவு கேளேம்மா.”

“என்னன்னு கேக்கறது?”

“தூங்கலைன்னு.”

“காய்ச்சல்னா உடனே குடுப்பாங்கப்பா. தூங்கலைன்னா சிரிப்பாங்க.”

“அப்ப காய்ச்சல்னே சொல்லு.”

“நல்லாருக்கு. நீங்களே பொய் சொல்லச் சொல்றீங்க.”

அயனம்பாக்கம் வீட்டில் அவள் பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினோம். ஏரியோரச் சாலையில் வெயில் தணிந்திருந்தது. தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகி, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. எதிர்க்கரை அடுக்குமாடிகள் தலைகீழாக மிதந்தன. வழக்கம்போல் விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே போனேன். மகளின் ஹெல்மெட் என் முதுகில் மெல்ல முட்டியது, விலகியது, மறுபடி முட்டியது. பிறகு விலகவே இல்லை. பதினாறு. பதினேழு. சக்கரத்துக்குக் கீழே சாலை இருப்பதாகவே தோன்றவில்லை. பதினெட்டு. நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது, அல்லது நான்தான் அப்படி உட்கார்ந்திருந்தேன்.

“யோவ் பெரிசு! ஏரியில எறங்கப் போறியா?”

பிரேக்கை அழுத்தினேன். முன்சக்கரம் கரையோரப் புல்லில் ஏறியிருந்தது. எதிரே இளநீர்க்காரர் கையில் கத்தியோடு நின்றார்.

“இன்னா பெரிசு, கண்ணத் தொறந்துகினே தூங்குற? பின்னாடி பாரு, அந்தம்மாவும் தூங்கினு கீது. குடும்பத்தோட குளிக்கப் போறீங்களா?”

மகள் விழித்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். “என்னப்பா ஆச்சு?”

நாங்கள் மதகருகில் நின்றிருந்தோம். மதகுக்கு நேரே இருப்பது இருபத்தைந்தாவது கம்பம்.

“பதினெட்டு வரைக்கும் எண்ணினேம்மா. அப்புறம் ஒரு கம்பத்தையும் நான் பாக்கலை.”

“தூங்கிட்டீங்களா?”

“முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். அப்படித்தான் நெனச்சேன்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திரும்பி, கடந்து வந்த கம்பங்களைப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரியில அவரும் இதையேதான் சொன்னார்ப்பா. ரன்வே தெரிஞ்சுதாம், அடுத்தது சோளம் தெரிஞ்சுதாம். நடுவுல ஒண்ணுமே இல்லையாம். சாக்கு சொல்றார்னு நெனச்சேன்.”

“மொதல்ல ரெண்டு பேரும் குந்துங்க, மூஞ்சி கழுவுங்க” என்று இளநீர்க்காரர் ஒரு குடத்தை நகர்த்தினார்.

மகள் முகம் கழுவிக்கொண்டு போனை எடுத்தாள்.

“சார், நாளைக்கு நான் பறக்கலை. இல்ல சார், காய்ச்சல்லாம் இல்ல. ரெண்டு நாளா தூங்கலை.”

அந்தப் பக்கத்துச் சிரிப்பு எனக்கே கேட்டது. சிரித்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“தூங்கலை சார். அதான் காரணம். அப்படியே எழுதிக்குங்க.”

இளநீர் குடித்த பிறகும் வண்டியைக் கிளப்ப எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.