உருளையில் கட்டிய மஞ்சள் கயிறு

கண்ணுகளா, நீர்மூழ்கிக் கப்பல் லோடுக்கு அப்பா ஏன் மறுபடி போகவில்லை என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டீர்கள். "ஒடம்பு ஒத்துக்கல சாமி" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டே இருந்தேன். அது பாதி உண்மை. மீதியை எழுதிவைக்கிறேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தக் கப்பல் டீசலில் ஓடுவதில்லை, அணு உலையில் ஓடுகிறது. எரிந்து தீர்ந்த எரிபொருளை வெளியே எடுத்தாலும் அது அடுப்புக்கரி போல அணைந்துவிடாது. சூடு வருடக்கணக்கில் இருக்கும், கதிர்வீச்சு பல தலைமுறைக்கு விடாது. முதலில் தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஆறவைக்கிறார்கள். பிறகு ஆளைவிட உயரமான இரும்பு உருளையில் அடைத்து, மூடிக்கு சீல் கம்பி போட்டு, சேமித்துவைக்கும் இடத்துக்கு ட்ரெய்லரில் அனுப்புகிறார்கள். அதைத்தான் ஓட்டினேன். கொல்லிமலை வளைவுகளில் லோடு இறக்கிப் பழகியவன் என்பதால் எடுத்துக்கொண்டார்கள்.

ஆள் நடக்கிற வேகம்தான். முன்னால் போலீஸ், பின்னால் போலீஸ். பாலம் வந்தால் நிறுத்து, இறங்கிப் பார், மறுபடி ஏறு. பகலில் மட்டும் ஓட்டி மூன்று நாள். கிளட்ச் மிதித்து இடது முழங்கால் மரத்துப்போனது. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று பார்க்க சட்டையில் ஒரு வில்லை குத்தியிருந்தார்கள். சாப்பிடும்போதெல்லாம் அதைக் குனிந்து பார்ப்பேன். பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெறும் பிளாஸ்டிக்.

மாற்று டிரைவராக ஓர் அண்ணன் வந்தார். பேளுக்குறிச்சிக்காரர், ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறவர். வாய் ஓயாது.

"ஏனுங்க தம்பி, இத்தன போலீசு என் கல்யாணத்துக்குக்கூட வரலீங்களே."

"உங்க ஊட்டுக்கு எதுக்குங்ணா போலீசு? அண்ணி ஒருத்தங்க பத்தாதா?"

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு டிரைவர் மேலே ஏறிச் சங்கிலிகளைச் சரிபார்த்து, தாளில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாம் நாள் மதியம் அண்ணன் முறை. அவர் அப்போதுதான் சாப்பாட்டில் கை வைத்திருந்தார். "நீங்க சாப்புடுங்க, நான் பாத்துட்டு வாரேன்" என்று ஏறினேன். கையெழுத்தை மட்டும் அவர் போட்டார்.

மேலே நின்றால் முன்னால் ஒரே சரிவு. நம் மலையில் என்ன செய்வோம்? லோடு இறங்குமுன் கையிலிருக்கும் கோயில் கயிற்றை அவிழ்த்து லோடில் கட்டுவோம். அடிவாரம் வந்ததும் அவிழ்த்து மறுபடி கையில் கட்டிக்கொள்வோம். யோசிக்கவே இல்லை, கை தானாகச் செய்தது. கட்டுவதற்கு அகப்பட்டது சீல் கம்பிக்குப் பக்கத்து வளையம்தான். நீ கட்டிவிட்ட கயிறு, பாப்பா.

சரிவு முடிந்த இடத்திலேயே கேட். அதற்கு மேல் டிரைவர் லோடைத் தொடக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள்.

கையுறை போட்ட அதிகாரி உருளையைக் காகிதத்தால் துடைத்து, அதில் கதிர் ஒட்டியிருக்கிறதா என்று மீட்டரில் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகுதான் கயிற்றைப் பார்த்தார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். சீல் அறுபடவில்லை, அதன் எண்ணும் பொருந்தியது. ஆனாலும் அந்த வெயிலில் முழுப் பாதுகாப்பு உடுப்போடு மொத்தச் சோதனையையும் முதலிலிருந்து செய்தார்கள்.

"கடைசியா ஏறினது யாரு?" தாளைப் பார்த்து அண்ணனைக் கூப்பிட்டார். "இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"கயிறு கட்டினது நீயா?"

"இல்லீங்க. நான் சர்ச்சுக்குப் போறவனுங்க."

"அப்ப யாரு?"

அண்ணன் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். கையில் டீ இருந்தது, குடித்துக்கொண்டிருந்தேன். இந்த வேலை போனால் இனி யார் கூப்பிடுவார்கள் என்று மட்டும் மனசில் ஓடியது. இந்த லோடு ஓட்டக் கொடுத்திருந்த பாஸை அண்ணனிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, நடந்ததை எழுதிக்கொடுக்கச் சொல்லி வெள்ளைத்தாளை நீட்டினார்கள். அப்போதுதான் எழுந்தேன்.

"நான்தானுங்க கட்டினேன்."

"ஏன்யா?"

"சரிவு வந்துச்சுங்க."

அதிகாரி அண்ணனிடமிருந்து வெள்ளைத்தாளைத் திரும்ப வாங்கினார். "சாமி கும்பிடு, வேணாங்கல. ஆனா சீல் பக்கத்துல ஒரு நூல் இருந்தாலும் யாரோ கை வெச்சிருக்கான்னுதான் நாங்க எடுத்துக்கணும்."

"அந்தக் கயிறக் குடுப்பீங்களா? புள்ள கட்டிவிட்டதுங்க."

"அது இனி வெளிய வராது."

கையுறைகளோடும் துடைத்த காகிதங்களோடும் அதையும் ஒரு பையில் போட்டு, ஒரு டிரம்மில் அடைத்தார்கள். அந்த டிரம்மையும் சேமித்துத்தான் வைப்பார்களாம்.

அண்ணனுக்குப் பாஸ் திரும்பக் கிடைத்தது. என்னுடையது ரத்தானது. ஊருக்கு ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். ராசிபுரம் தாண்டியதும் அண்ணன் சொன்னார்: "டீயக் குடிச்சு முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சீங்க தம்பி."

அவர் பேளுக்குறிச்சியில் இறங்கிக்கொண்டார்.

மலையேறிச் செம்மேட்டில் இறங்கினேன். சந்தை நாள். நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். ஒரு கடையில் மஞ்சள் கயிறு வாங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அதைக் கையில் சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, பாப்பா, நீ போடுவதுபோல் மூன்று முடிச்சு போட்டேன். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவதில் நின்றது. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.