குளம்பில் ஏறிய சூடு

நுவரெலியா ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவது என் தொழிலாக இருந்தது. செம்பழுப்பு நிறப் பெண்குதிரை. முதலாளியுடையது, பார்த்துக்கொண்டது நான். ஏழாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாடம் அடிக்க வருகிறவர் சொன்னதும், பயந்து பயந்து நானாகக் கண்டுகொண்டதும்தான் என் குதிரைப் படிப்பு.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். குளம்பு என்றால் இன்னும் கூடுதல். இந்த ஊரில் மழை விட்டால் பனி. ஈரத்திலேயே நின்றால் குளம்பு ஊறி, அடியில் கறுத்து அழுகிவிடும். அதனால் காலையிலும் வேலை முடிந்த பிறகும் நாலு காலையும் தூக்கி, வளைந்த கம்பியால் சேற்றையும் கல்லையும் சுரண்டி எடுப்பேன். துணியால் ஒற்றி, நாற்றம் வருகிறதா என்று மோந்து பார்ப்பேன். ஆறு கிழமைக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் மாற்ற வேண்டும். நான் ஐந்தாம் வாரமே லாடக்காரருக்குப் போன் எடுத்துவிடுவேன். "ஏன்யா, ஒன் குதிரைக்கு மட்டும் குளம்பு மூங்கில் மாதிரி வளருதா?" என்று லாடக்காரர் திட்டுவார்.

என் மனைவி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். "என் குதிகாலு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. அத என்னிக்காவது தூக்கிப் பாத்திருக்கீங்களா? நானும் குதிரையாப் பொறந்திருக்கணும்" என்பாள்.

குதிரைக் கொட்டில், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால்தான். அந்த வருடம் மாட்டுப் பொங்கலன்று, மாடு வைத்திருந்தவர்கள் மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துப் பொங்கல் ஊட்டினார்கள். எங்களுக்கு மாடு இல்லை.

"நமக்குச் சோறு போடுறது இதுதானேங்க. இதுக்கு ஒரு வாய் குடுக்காம நாம எப்புடித் திங்கிறது?" என்றாள் மனைவி.

நெற்றியில் பொட்டு வைத்தோம். சர்க்கரைப் பொங்கலை அவள் தட்டில் நீட்ட, குதிரை நக்கித் துடைத்துவிட்டது. அதைப் பார்த்து லயத்துச் சனம் ஆளுக்கொரு இலையில் கொண்டுவந்தார்கள். "எங்க வீட்டுதும் திங்கட்டும்ங்க" என்றார்கள். ஒருவரையும் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற எனக்கு அன்றைக்குப் பார்த்துப் பயமே வரவில்லை. சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் காலை அது முன்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்கால்களில் போட்டு நின்றது. ஓர் அடி வைக்கச் சொன்னால் நடுங்கியது. முன் குளம்பைத் தொட்டேன். அந்தக் குளிரிலும் கொதித்தது. கல் குத்தியிருக்கும் என்று தேடினேன். கல் இல்லை.

முதலாளி மிருக வைத்தியரை அழைத்துவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். குளம்பைத் தொட்டுப் பார்த்தவர், "நேற்று என்ன தீன் குடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

முதலாளி பக்கத்திலேயே நின்றார். "வழக்கம்போல புல்லும் தவிடுந்தாங்க" என்றேன்.

ஊசி போட்டார். குளிர்ந்த நீரில் காலை நனைத்து வைக்கச் சொன்னார். இரண்டு நாளும் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தேன். பொங்கல் கதை தொண்டைவரை வந்து வந்து இறங்கியது. மூன்றாம் நாள் குதிரை படுத்துவிட்டது. வைத்தியர் திரும்ப வந்தபோதுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் குனிந்து முன் குளம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சோறும் சர்க்கரையும் அவ்வளவு போனால் குதிரையின்ர வயித்துக்குள்ள புளிச்சு நஞ்சாகும். அது குளம்புக்குத்தான் இறங்கும். எலும்பைத் தாங்கிப் பிடிக்கிற சதை விட்டுப்போகும்" என்றார். குளம்பின் மேல்விளிம்பில் பள்ளம் விழுந்திருந்ததைக் காட்டினார். "எலும்பு இறங்கிட்டுது. இனி எழும்பாது. வேதனையை நீட்டக் கூடாது."

அத்தனை நாளும் நான் வெளியிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தேன். கேடு வாய் வழியாகப் போனது. அதுவும் எங்கள் கையாலேயே.

மனைவி கொட்டில் வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கடைசி ஊசி ஏறும்வரை அது என் சட்டையை மோந்துகொண்டிருந்தது.

எல்லாம் முடிந்தபின் வைத்தியரின் ஜீப் வரைக்கும் கூடவே நடந்தேன். முதல் நாளே சொல்லியிருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்கத்தான் போனேன். கேட்காமலே அவருடைய பையை ஜீப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். இப்போதும் பஜாரில் அவரைக் கண்டால் கடைக்குள் ஒதுங்கிவிடுகிறேன். அந்தப் பதிலை அவராகவே சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.