பதினான்கு இடது காதுகள்

1986 ஆகஸ்டு 16, சனிக்கிழமை, மாலை நான்கு இருபது. வெயிலும் தூறலும் சேர்ந்தே இருந்தன. கோல சிலாங்கூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் ஒரு லோரி பதினான்கு கிடாக்களை இறக்கிவிட்டுப் போனது.

வேலையை விட்டுப் பதினாறு நாள் ஆகியிருந்தது. தோட்டக் கம்பெனி ஒன்றின் தலைமை அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் கம்பியூட்டர் புரோகிராம் எழுதினேன். ஐந்து தோட்டங்களின் சம்பளம் அதில்தான் ஓடியது. மாதக் கடைசியில் மூன்று நாள், சன்னல் இல்லாத அறையில், ஏர்கண்டிஷன் குளிரில் உட்கார்ந்திருப்பேன். கண்ணை மூடினாலும் பச்சை எழுத்துகள் ஓடும். கடைசி மாதத்தில் ஏழு முறை வாந்தி எடுத்தேன். இனி அந்த அறைக்குள் கால் வைப்பதில்லை என்பது ஒன்றே என் திட்டம்.

வேறு என்ன செய்வது? காப்புறுதி ஏஜெண்டுகளைக் கண்டு நானே சந்துக்குள் ஒளிந்தவன். அந்தப் பிழைப்பு வேண்டாம். பாகான் நக்கோடா ஓமார் கடற்கரையில் மீன் எடுத்து வேனில் விற்கலாம் என்றார் மைத்துனர். ஒருநாள் அவரோடு போனேன். சட்டையை நான்கு முறை துவைத்தும் நாற்றம் போகவில்லை. ஆடுதான் கணக்குக்கு ஒத்துவந்தது. தீபாவளிக்குப் பதினொரு வாரம் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கி ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர், தலைக்கு நூற்றுப்பத்து வெள்ளி என்றார். வெளியே நூற்றறுபது. ஒவ்வொன்றின் வாயையும் திறந்து பல்லை எண்ணினேன். கொம்பை அளந்தேன்.

"தம்பி வெவரமான ஆளு லா," என்றார் மண்டோர்.

நான் டவுனில் வளர்ந்தவன். என் மனைவி தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். தண்ணீர் வாளியோடு வந்தவள், முதல் கிடாவைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"இதுங்க காதப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். பதினான்கிலும் இடது காது நுனி ஒரே அளவில் வெட்டியிருந்தது. மண்டோர் தன் ஆட்டுக்கு வைத்த அடையாளம் என்று நினைத்தேன்.

"முனியாண்டிக்கு நேந்துவிட்ட கெடாங்க. லயத்துச் சனம் மேய்க்கக் குடுத்தத அந்த மண்டோரு வித்துட்டான். பல்லெல்லாம் எண்ணுனீங்களே, என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

மறுநாள் மண்டோரிடம் போனேன். மூன்று வருடம் மேய்த்ததற்குக் கூலி யார் கொடுத்தார்கள், சாமியா கொடுக்கும் என்று கேட்டு, வெற்றிலைச் சாற்றை என் செருப்புக்கு அரை அடி தள்ளித் துப்பினார். பணம் திரும்பவில்லை.

அதைவிட அருவருப்பானது அடுத்து நான் செய்தது. தொலைவில் சுங்கை சோ பக்கம் கொண்டுபோய்த் தள்ளிவிட்டால் காதைப் பற்றி எவனுக்குத் தெரியும் என்று லோரிக்காரரிடம் வாடகை விசாரித்தேன். இதற்குள் வீடெல்லாம் கிடா வாடை. தேநீரில் ரோமம். என் கையை முகர்ந்தால் எனக்கே குமட்டியது.

எட்டாம் நாள், மண்டோரின் தோட்டத்து லயத்திலிருந்து விஷயம் கேள்விப்பட்டு இரண்டு பெண்கள் பஸ்ஸில் வந்தார்கள். மூத்தவள் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுப்பவள். தகரமும் பலகையும் வைத்து நான் கட்டிய பட்டியின் ஓரம் நின்று தொண்டைக்குள் ஒரு சத்தம் கொடுத்தாள். நெற்றியில் வெள்ளை விழுந்த கிடா ஒன்று என் தவிட்டை விட்டுவிட்டு அவளிடம் போனது.

"ஐயா, எம்மவன் காச்சல்ல பொழச்சதுக்கு நேந்தது. நீங்க குடுத்த காசு எங்ககிட்ட இல்ல. கெடாவ மட்டும் குடுத்துருங்க."

என் பழைய வேலையை மனைவி அவர்களிடம் சொல்லியிருந்தாள். இன்னொருத்தி அக்காவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. "கம்பியூட்டரு பாத்துப் பாத்துக் கண்ணு போயிருக்கும். விடுக்கா."

பதினான்கையும் கொடுத்தேன். வெறுங்கழுத்தோடு அனுப்பக்கூடாது என்று மனைவி பதினான்கு மாலை வாங்கிவரச் சொன்னாள். முனியாண்டி கோயில்வரை லோரி வாடகையும் என் தலையில்தான்.

கையில் மீதி இல்லை. செப்டம்பர் முதல் தேதி பழைய அலுவலகத்துக்கே போனேன். ஒரு படி குறைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அதே அறை, அதே கிழிந்த நாற்காலி. காலை மணி ஒன்பது பத்துக்குக் குமட்டல் வந்தது. அந்த அறையிலிருந்து முப்பத்திரண்டு நாள் வெளியே இருந்ததற்கு, கிடா, தகரம், பலகை, தவிடு, போகவர லோரி, மாலை எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து அறுபத்து நான்கு வெள்ளி.