போகாது என்று நான் சொன்ன கீறல்

இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் பதினாறு வருடமாகச் சுத்தம் பார்க்கும் சூப்பர்வைசராக இருக்கிறேன். இறால் உரிக்கிற மேசை, ட்ரே, தண்ணீர்த் தொட்டி எல்லாமே ஸ்டீல். ஷிஃப்ட் முடிந்ததும் அவற்றைக் கழுவ வைத்து, காய்ந்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. குளோரின் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் ஸ்டீலில் டீக்கறை மாதிரிப் புள்ளி விழும். மரத்துக்கு இருப்பதுபோல ஸ்டீலுக்கும் ஒரு ஓட்டம் உண்டு, மெல்லிய கோடு கோடாக. அந்த ஓட்டத்தோடு தேய்த்தால் ஒன்றும் தெரியாது, குறுக்கே தேய்த்தால் கண்ணைக் குத்தும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதையெல்லாம் சொல்லிவிடுவேன்.

ஆனால் என் வீட்டில் இருந்தது சிவப்பில் பூப் போட்ட ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். ஆளுயரத்துக்கு இரட்டைக் கதவு வைத்த ஸ்டீல் ஃப்ரிட்ஜை வாங்கியவள் என் தங்கை.

தங்கை புருசனுக்கு மஸ்கட்டில் வேலை. ஒன்பது வருடம் அவளும் அங்கேயே இருந்தாள். பிள்ளைகள் படிப்புக்காக ஊருக்கு வந்து, கோரம்பள்ளத்தில் வீடு கட்டினாள். அதுவரை பதினோரு வருடம் அம்மா என்னோடுதான், திரேஸ்புரத்தில் இருந்தாள். அப்பா போன பிறகு அம்மாவுக்குச் சர்க்கரை வந்தது, கண்ணில் புரை வந்தது, முழங்கால் போனது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தது, மாத்திரையை எண்ணிக் கொடுத்தது எல்லாம் நான். தங்கை அங்கிருந்து பேரீச்சம்பழமும் தைலமும் அனுப்புவாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அந்தத் தைலத்தைத்தான் எடுத்துக் காட்டுவாள்.

புது வீட்டுப் பால் காய்ச்சுக்குக் கிளம்பிய அம்மா, “பத்து நாள் இருந்துட்டு வாரேன் ளா” என்று இரண்டு சேலையோடு போனாள். பத்து நாள் ஒரு மாதம் ஆனது. மற்ற சேலைகளை அனுப்பச் சொன்னாள். அதற்குப் பிறகு ஜெபப் புத்தகத்தையும் அப்பா படத்தையும் கேட்டாள். அப்பா படத்தைப் பழைய துண்டில் சுற்றிப் பையில் வைக்கும்போதுதான் அம்மா இனித் திரும்பி வரப் போவதில்லை என்பது எனக்கு உறைத்தது.

தினமும் சாயங்காலம் ஃபோன் பண்ணுவாள். பேச்சு எங்கே சுற்றினாலும் அந்த ஃப்ரிட்ஜில் வந்து நிற்கும்.

“கதவ மூடாம விட்டா கீ கீன்னு கூப்பிடுது ளா. ஒரு இடத்துல அமுக்குனா ஐஸ் வந்து விழுது. மூஞ்சி தெரியுது, கண்ணாடி கணக்கா.”

“ம்” என்பேன்.

“ஒங்க கம்பெனி மேசை கூட இப்பிடி மின்னாது.”

அன்றைக்கு ஃபோனை வைத்துவிட்டுத் தட்டுகளை அடுக்கியபோது சத்தம் அதிகமாகிவிட்டது போல. என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “ஒனக்குப் பொறாமை” என்றார். எனக்கென்ன பொறாமை என்று அவரிடம் சண்டை போட்டேன். அவர் சொன்னது சரிதான். கோரம்பள்ளத்துக்குப் போய்விட்டு வரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ்ஸில் நான் எதையாவது கணக்குப் போட்டுக்கொண்டே வருவேன். அம்மா புது நைட்டி போட்டிருக்கிறாள். அம்மாவுக்குக் கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. என் வீட்டில் வாயே திறக்காதவள் அங்கே வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு கதை பேசுகிறாள்.

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் தங்கை கூப்பிட்டாள்.

“அக்கா, ஃப்ரிட்ஜ் கதவு பூராவும் கீறிப் போச்சு. அம்மா பச்ச நாரையும் பாத்திரம் தேய்க்கிற பொடியையும் போட்டுத் தேச்சுட்டா. நீ தெனமும் ஸ்டீலோடதான கெடக்க. ஒரு எட்டு வந்து பாரேன்.”

மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நிமிடம் எனக்குள் பொங்கியது சந்தோஷம். கேண்டீனில் அன்று வழக்கத்தைவிட ஒரு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே கோரம்பள்ளம் போனேன். புது வீடாக இருந்தாலும் உப்புத் தண்ணீரும் உப்புக் காற்றும் அதன் சமையலறையை விட்டு வைக்கவில்லை. போர் தண்ணீர் தெறித்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. ஃப்ரிட்ஜ் கதவின் கைப்பிடி ஓரத்தில் கடுகு அளவில் துருப் புள்ளிகள். அம்மா அந்தப் புள்ளிகளைத்தான் அழுக்கு என்று நினைத்திருக்கிறாள். அடுத்த கதவிலும் இருக்குமே என்று அதையும் தேய்த்திருக்கிறாள். கீறல்கள் வில் வில்லாக, ஓட்டத்துக்குக் குறுக்கே விழுந்திருந்தன. அவள் கை எட்டுகிற உயரத்துக்கு மேல் ஒரு கீறல் கிடையாது. முழங்காலை மடக்க முடியாததால் கீழேயும் கிடையாது. நடுவில் மட்டும், அம்மா நின்று தேய்த்த அளவுக்கு, கதவு மங்கிப் போயிருந்தது.

இது போன்ற கதவுகள் சிலவற்றில் கைரேகை படாமலிருக்க மேலே ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாது, தேய்த்தால் பூச்சும் சேர்ந்து போய்விடும். கீழ் மூலையில் கட்டைவிரலை வைத்து எடுத்தேன். ரேகை அச்சாக நின்றது. பூச்சு இல்லை, வெறும் ஸ்டீல். கீறலும் ஆழமில்லை. ஒரு மத்தியானப் பொழுது இருந்தால் எடுத்துவிடலாம்.

அம்மா கதவருகே நின்றுகொண்டு, காய்ந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“போயிருமா ளா?”

“போகாதும்மா” என்றேன். “மேல ஒரு கோட்டிங் இருக்கு. தொட்டா அதுவும் போயிரும்.”

பொய்யை யோசித்துச் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது, யோசிக்காமல் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. தங்கைக்குக் கோபம் வரும், ஒரு வார்த்தை தடித்து விழும், அம்மா சேலைகளை எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறுவாள். இவ்வளவும் அந்த ஒரு நொடிக்குள் என் மனதில் ஓடி முடிந்துவிட்டது.

தங்கை கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“சரி, கெடக்கட்டும். இதென்ன கல்யாணத்துக்கா நிக்கி?” என்றவள், மகள் வரைந்த மீன் படம் ஒன்றை எடுத்துக் காந்தத்தால் கீறல் மேல் ஒட்டினாள். “இப்பத் தெரியலல்லா?”

அம்மா கூடத்துக்குப் போய்விட்டாள். அன்று மத்தியானம் எனக்குச் சோறு போட்டது தங்கை. மீன் நன்றாகத்தான் இருந்திருக்கும், எனக்கு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவின் ஃபோன் சுருங்கியது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வைக்கட்டா. ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டு வாரம் கழித்துத் தங்கைதான் சொன்னாள்.

“அம்மா குசினிக்குள்ளயே வர மாட்டேங்கா க்கா. தண்ணி வேணும்னாலும் பிள்ளைட்ட கேக்கா. ஒரு தம்ளர் கூடக் கழுவ மாட்டேங்கா. நான் ஒண்ணுமே சொல்லலியே, நீ பாத்தேல்லா?”

அதைக் கேட்டு வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்கு முதலில் தோன்றியது, இதுதான் சமயம் என்பதுதான். உடனே அம்மாவைக் கூப்பிட்டேன்.

“இங்கன வந்துரும்மா. நாளைக்கே ஆட்டோ கூட்டிட்டு வாரேன்.”

“அங்கன வந்து நான் என்ன செய்ய?” என்றாள் அம்மா.

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்பவளைப் போலக் கேட்டாள். பதினோரு வருடம் இருந்த வீட்டில் என்ன செய்ய என்று கேட்கிறாளே என்று அந்த வாரம் முழுக்க மனசு அடித்துக்கொண்டது. மேசை மேல் டார்ச் அடிக்கும்போதெல்லாம் முந்தானையில் காய்ந்த கையைத் துடைத்துக்கொண்டு அவள் நின்றது கண்ணில் வந்தது. என் பொய்யால் அவள் ஒரு வீட்டில் அடுப்படியை விட்டே ஒதுங்கிவிட்டாள். அது மட்டும் எனக்குப் புரிந்தது.

ஞாயிறு வரை பொறுக்காமல் செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். ஹார்ட்வேர்ஸ் கடை அண்ணாச்சியிடம் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற நைஸ் உப்புத்தாள், வாட்டர் பேப்பர் என்பார்கள், அதில் இரண்டு ரகமும் மிருதுவான சாம்பல் நிறத் தேய்ப்பானும் வாங்கிக்கொண்டு போனேன். வினிகரும் சமையல் சோடாவும் அங்கேயே இருக்கும். தங்கை பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். அம்மாதான் கதவைத் திறந்தாள். பையைப் பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

மீன் படத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். முதலில் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியை நனைத்து, வெள்ளைப் பொட்டுகள் மேல் ஒட்டப் போட்டு ஊறவிட்டேன். சோடாவைக் குழைத்துத் துருப் புள்ளிகளில் விரலால் தடவினேன். அவை லேசாகத்தான் பிடித்திருந்தன, துடைத்ததும் வந்துவிட்டன. பிறகு வாட்டர் பேப்பரைச் சின்ன மரக்கட்டையில் சுற்றி, தண்ணீரில் முக்கி, கதவின் ஓட்டத்தோடு ஒரே பக்கமாக இழுத்தேன். திரும்பக் கொண்டுவரக் கூடாது. எடுத்து, மறுபடி தொடக்கத்தில் வைத்து, இழுக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வில் வளைவுகள் நேர்க்கோடுகளுக்குள் அமுங்கின.

அம்மா எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“போகாதுன்னு சொன்னேல்லா?”

கையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சொல்ல வராது.

“பொய் சொன்னேன்.”

“எதுக்கு?”

“அவ ஒன்ன ஏசுவா, நீ கோவிச்சுக்கிட்டு எங்கூட வந்துருவன்னு.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா ஃப்ரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒன் வீட்ல பதினோரு வருசம் பாத்திரம் கழுவியிருக்கேன்” என்றாள். “ஒரு நாளாவது நான் கழுவுனத நீ திரும்பக் கழுவாம இருந்திருக்கியா?”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“வேலைக்குப் போயிட்டு வந்ததும் ஒவ்வொண்ணா எடுத்து லைட்டுக்கு நேராப் பிடிச்சுப் பாப்ப. பெறவு குழாயத் தொறப்ப. நான் வெளிய இருந்து அந்தத் தண்ணிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருப்பேன். இவ பாக்கவே மாட்டா ளா. பருக்க ஒட்டியிருந்தாலும் அதுலயே சோறு போட்டுத் திம்பா.”

சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. அம்மாவுக்குக் கண் புரை. தம்ளரில் சோப்பு அப்படியே நிற்கும். அவளுக்கே வயிற்றுக்கு ஆகாமல் போகும் என்று பயந்துதான் கழுவினேன். எல்லாம் உண்மைதான். அவள் உட்கார்ந்திருந்த விதம் சொல்லவிடவில்லை.

தங்கை மேல் அதுவரை இல்லாத ஒரு பொறாமை அப்போது வந்தது. ஃப்ரிட்ஜை நானும் தவணையில் வாங்கிவிடலாம். பருக்கை ஒட்டிய தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சிரித்துப் பேச எனக்கு எந்தக் காலத்திலும் வராது.

சாம்பல் தேய்ப்பானால் கடைசியாக ஒருமுறை இழுத்துத் துடைத்ததும் கதவு சரியாகிவிட்டது. சாய்ந்து பார்த்தால் ஒரு இடத்தில் மட்டும் லேசான நிழல், அது எனக்குத்தான் தெரியும். இனி ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைக்க வேண்டியது மட்டும் பாக்கி. அம்மா எழுந்து கையை நீட்டினாள்.

“குடு. எண்ணெ நான் போடுதேன்.”

துணியைக் கொடுத்தேன். அவள் வட்டம் வட்டமாகத் துடைக்க ஆரம்பித்தாள். நெட்டுக்குத் துடைம்மா என்று வாய் வரைக்கும் வந்தது. வெளிக் குழாயில் கை கழுவப் போய்விட்டேன். கை சுத்தமான பிறகும் ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

தங்கை வந்ததும் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அய்யோ, புதுசு மாதிரி இருக்கே! போகாதுன்னேல்லா க்கா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “அவ கம்பெனிக்குப் புதுசா ஒரு தாள் வந்திருக்காம். அத வச்சு எடுத்துட்டா.”

என் முகத்தை அவள் பார்க்கவில்லை. தங்கை என்னைக் கட்டிப்பிடித்தாள். அப்படியே ஓவன் கதவையும் பார்த்துவிடு என்றாள், அதையும் செய்தேன். சாயங்காலம் அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். தம்ளர் விளிம்பில் பழைய டீக்கறை ஒன்று வளையமாக இருந்தது. குடித்தேன்.

அம்மா திரும்பி வரவில்லை. கிறிஸ்மஸுக்கு வந்தாள், நான்கு நாள் இருந்தாள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது என்று போய்விட்டாள். நடந்ததைத் தங்கையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லியிருக்க மாட்டாள்.

போன வாரம் ஃபோனில் அம்மாதான் சொன்னாள், தங்கை பாத்திரம் கழுவுகிற மிஷின் வாங்கப் போகிறாளாம்.

“அப்ப ஒனக்கு அங்கன என்ன வேல?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் குரலில் இருந்த குதூகலம் எனக்கே கேட்டது.

அம்மாவுக்கும் கேட்டிருக்கும். “மிஷினுக்குள்ள யாரு அடுக்குவா? அவளா?” என்றாள். பிறகு, “ஞாயித்துக்கிழம வா ளா. சாள மீனு வாங்கி வைக்கச் சொல்லுதேன்” என்றாள்.

வாரேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அந்த மிஷின் உள்ளேயும் ஸ்டீலாகத்தான் இருக்கும். போர் தண்ணீரில் ஒரு மாதத்தில் வெள்ளை பூத்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.